வட்டியில் பாடிய குரல்

சகோதரிகளே, மேல்நாட்டு ஓபரா என்றதும் நம்மில் பலருக்குச் சிரிப்புத்தான் வரும். "யாரோ ஒரு அம்மாள் உச்சஸ்தாயியில் அலறுகிறாள்" என்று சொல்லி ரேடியோவைத் திருகிவிடுவோம். அந்த அலறலுக்குப் பின்னால் எத்தனை வருஷத்து உழைப்பும் கட்டுப்பாடும் இருக்கின்றன என்று தெரிந்தால், திருகப் போன கை சற்றே தயங்கும். ஆகவே இந்த வாரம் லியோன்டைன் பிரைஸ் என்ற அமெரிக்கப் பாடகியைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சிறு விளக்கம். ஓபரா என்பது முழுக்க முழுக்கப் பாட்டாலேயே நடக்கும் நாடகம். காதலிப்பதும் பாட்டு, சண்டை போடுவதும் பாட்டு, விஷம் குடித்துச் சாவதும் பாட்டு! பெண் குரல்களில் மிக உயர்ந்த ஸ்தாயியில் பாடும் குரலை 'ஸொப்ரானோ' என்பார்கள். பெரும்பாலும் கதாநாயகி வேஷம் அந்தக் குரலுக்குத்தான். ஆனால் அங்கே மைக் கிடையாது. நியூயார்க்கில் உள்ள 'மெட்ரோபாலிடன் ஓபரா' அரங்கத்தில் சுமார் 3,800 பேர் உட்காரலாம். மேடைக்குக் கீழே ஒரு பட்டாளம் வாத்தியங்கள் முழங்கும். அத்தனையையும் தாண்டிக்கொண்டு, கடைசி மாடியில் கடைசி வரிசையில் இருக்கும் ரசிகருக்கும் பாடகியின் குரல் கேட்டாக வேண்டும். வெறுமனே கத்தினால் ஒரே வாரத்தில் தொண்டை போய்விடும். மூச்சை அடக்கி ஆண்டு, தொண்டையும் வாயும் சேர்ந்த குகைக்குள் நாதத்தை முழங்கச் செய்ய வேண்டும். இதற்குப் பல வருஷத்துப் பயிற்சி தேவை.

லியோன்டைன் 1927-ம் வருஷம் பிப்ரவரி 10-ந் தேதி, மிஸ்ஸிஸிப்பி மாகாணத்தில் லாரல் என்ற சிற்றூரில் பிறந்தாள். தந்தைக்கு மர அறுவை ஆலையில் வேலை. தாயார் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி. மாதா கோயில் பாடகர் குழுவிலும் பாடுவார். கறுப்பு இனத்தவருக்குப் பள்ளிக்கூடம் வேறு, ரயில் பெட்டி வேறு என்று சட்டமே பிரித்து வைத்திருந்த காலம் அது. குழந்தைக்குச் சங்கீதத்தில் இருந்த ஆசையைக் கண்ட பெற்றோர் என்ன செய்தார்கள் தெரியுமா? வீட்டிலிருந்த கிராமபோனைக் கொடுத்துவிட்டு, அதையே முன்பணமாக வைத்து ஒரு பியானோ வாங்கினார்கள். பிறர் பாட்டைக் கேட்கும் பெட்டி போயிற்று. மகள் வாசிக்கும் பெட்டி வந்தது!

ஒன்பது வயதில் தாயார் அவளை ஜாக்ஸன் நகருக்கு அழைத்துப் போனார். அங்கே மரியன் ஆண்டர்ஸன் என்ற புகழ்பெற்ற கறுப்பினப் பாடகியின் கச்சேரி. மேடையில் நின்ற அந்தக் கம்பீரம் சிறுமியின் மனத்தில் பதிந்துவிட்டது.

ஆனாலும் ஓபராப் பாடகி ஆவதென்பது அப்போது கனவிலும் எட்டாத காரியம். பாட்டு வாத்தியாராகலாம் என்றுதான் ஒஹையோவில் கல்லூரியில் சேர்ந்தாள். அங்கேதான் எல்லோரும் அவள் குரலைக் கேட்டு வியந்தார்கள். பிரசித்தி பெற்ற பாடகர் பால் ராப்ஸன் அவளுடைய மேற்படிப்புக்காக ஒரு நிதிக் கச்சேரியே நடத்தினார். லாரலில் அவளுடைய அத்தை வேலை பார்த்து வந்த சிஷோம் என்ற வெள்ளையர் வீட்டு எஜமானியம்மாளும் பண உதவி செய்தார். அவ்விதமாக 1948-ல் நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப் பள்ளிக்கு வந்து சேர்ந்தாள்.

அங்கே கிடைத்த குரு பிளாரன்ஸ் பேஜ் கிம்பால் என்ற அம்மையார். அவர் சொல்லிக் கொடுத்த பாடத்தை லியோன்டைன் பிற்காலத்தில் அடிக்கடி நினைவுகூர்வதுண்டு. குரல் என்பது வங்கியில் போட்ட முதல். அதிலிருந்து வரும் வட்டியில்தான் பாட வேண்டும், முதலைத் தொடக்கூடாது என்பதே அந்தப் பாடம். குடும்பக் கணக்கு எழுதும் நமக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

1952-ல் 'போர்கி அண்ட் பெஸ்' என்ற ஓபராவில் கதாநாயகியாக அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பாடினார். 1955-ல் டெலிவிஷனில் 'டோஸ்கா' வேஷம் போட்டபோது தென் மாகாணங்களில் சில நிலையங்கள் அதை ஒளிபரப்பவே மறுத்துவிட்டன. கறுப்பினப் பெண் அந்த வேஷம் போடுவதா என்றுதான் கோபம்! ஆனால் 1958-ல் வியன்னாவும், 1960-ல் இத்தாலியின் லா ஸ்காலாவும் 'ஆயிதா' நாயகியாக அவரை வரவேற்றன.

இதற்கு நடுவில்தான் ஒரு முக்கியமான சம்பவம். மெட்ரோபாலிடன் ஓபராவிலிருந்து அழைப்பு வந்தது, 'ஆயிதா' வேஷத்துக்கு. ஆயிதா எதியோப்பிய ராஜகுமாரிதான். ஆனால் கதையில் எகிப்தியரிடம் அடிமையாக இருப்பவள். அவருடைய நலம் விரும்பியான பீட்டர் ஹெர்மன் ஆட்லர் என்ற இசை நடத்துநர், "அந்த மேடையில் முதல் முதலாக அடிமையாக நுழையாதே, சீமாட்டியாக நுழை" என்ற கருத்தில் புத்தி சொன்னார். எந்தப் பாடகியும் ஓடிப்போய் ஏற்றுக்கொள்ளும் அழைப்பை லியோன்டைன் மறுத்தார்!

காத்திருந்தது வீண் போகவில்லை. 1961 ஜனவரி 27-ந் தேதி, 'இல் ட்ரோவடோரே'யில் லியனோரா என்ற சீமாட்டியாக அதே மேடையில் அரங்கேறினார். நாடகம் முடிந்த பிறகு கரகோஷம் சுமார் 42 நிமிஷம் நீடித்தது என்று சொல்வார்கள்.

இத்துடன் 'சுபம்' போட்டுவிடலாம் என்று நினைக்கிறீர்களா? அதே வருஷம் இலையுதிர் காலத்தில் புச்சினியின் மேற்கத்திய நாயகி வேஷம் வந்தது. மிகவும் கனமான பாத்திரம். இரண்டாவது முறை மேடையேறியபோது பாதியில் குரல் போய்விட்டது. இரண்டாம் அங்கத்தின் முடிவை வார்த்தைகளைப் பேசியே ஒப்பேற்றினார். மூன்றாம் அங்கத்தை டாரதி கிர்ஸ்டன் என்ற வேறொரு பாடகி வந்து பாட வேண்டியதாயிற்று. சில மாதங்களுக்கு முன் புகழின் சிகரம், இப்போது மௌனம். முதலில் கை வைத்தாயிற்று என்பது புரிந்தது. ஓய்வெடுத்துக் கொண்டார். பிறகு அந்த வேஷத்தை ஒதுக்கிவிட்டார்.

1966-ல் புது மெட்ரோபாலிடன் அரங்கம் திறந்தபோது கிளியோபாட்ராவாகப் பாடும் கௌரவம் அவருக்கே கிடைத்தது. ஒத்திகையில் இயந்திரப் பிரமிட் பழுதாகி, ராணியம்மாள் உள்ளேயே சிக்கிக்கொண்டார்! புதிய ஓபராவுக்கு நல்ல பெயர் கிடைக்கவில்லை. அவருடைய பாட்டுக்குக் கிடைத்தது. வர வர ஓபராக்களைக் குறைத்துக்கொண்டு தனிக் கச்சேரிகளை அதிகமாக்கினார். 1985 ஜனவரி 3-ந் தேதி, அதே மேடையில், ஒரு காலத்தில் வேண்டாமென்று சொன்ன அதே ஆயிதாவாக நின்று ஓபராவிலிருந்து விடைபெற்றார். இந்தத் தடவை அது அவரே விரும்பி ஏற்ற வேஷம்.

முதல் பத்திரமாக இருந்ததா என்று கேட்கிறீர்களா? 2001 செப்டம்பர் 11-ந் தேதி நியூயார்க்கில் நடந்த பயங்கரத்துக்குப் பிறகு, இறந்தவர்களின் நினைவாகக் கார்னகி மண்டபத்தில் ஒரு கச்சேரி நடந்தது. அதில் வந்து பாடினார். அப்போது அவருக்கு வயது 74!

சகோதரிகளே, நம் வீட்டுப் பெண்களுக்குப் பாட்டும் படிப்பும் சொல்லிக் கொடுக்கிறோம். கேட்டவர்களுக்கெல்லாம் "சரி" என்று சொல்லவும் பழக்கி வைத்திருக்கிறோம். கூடவே, "இது இப்போது வேண்டாம்" என்று மரியாதையாக மறுக்கவும் சொல்லிக் கொடுப்போமா? அதற்கு முன்னால் நாமும் கொஞ்சம் பழகிக்கொள்ள வேண்டியிருக்கும். உடம்பும் மனசும் நம்முடைய முதல் அல்லவா!