டிராக்டர் சூடாவது எதனால்?

“மக்காச்சோளம் அடிக்கும்போது டிராக்டரில் தண்ணீர் கொதிக்கிறது. மணிக்கு ஒருமுறை நிறுத்த வேண்டியிருக்கிறது. மழைக்குள் முடித்தாக வேண்டும். இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா?”

- வாசகர், ராசிபுரம்.

அவசரப்பட்டுப் பிரிக்க வேண்டாம். எப்போது சூடாகிறது என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ரோட்டில் ஓடும்போது முள் சரியாக நின்று, கதிரடிக்கும்போது மட்டும் ஏறினால், முதல் சந்தேகம் ரேடியேட்டரின் முன்பக்கம்தான். பறக்கும் தூசும் சருகும் தகடுகளின் இடுக்கில் அப்பிக்கொண்டால் காற்று புகாது. இன்ஜின் ஆறிய பிறகு, ஃபேன் பக்கத்திலிருந்து முன்பக்கமாகக் காற்றடிக்க வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் தூசு இன்னும் உள்ளேதான் போகும். கதிரடிப்பு முடியும்வரை இது தினசரி வேலை. கையோடு ஃபேன் பெல்ட் தொய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

எந்த வேலைக்கும் சூடானால், ஊற்றும் தண்ணீரைச் சந்தேகிக்கலாம். சேலம், நாமக்கல் பகுதியில் பல ஊர்களில் போர் தண்ணீர் உப்பு. வெந்நீர்ப் பானையில் வெள்ளையாகப் படிவது ரேடியேட்டர் குழாயிலும் படிந்து அடைக்கும். மெக்கானிக்கிடம் கழுவிவிட்டு, கம்பெனி சொல்லும் அளவில் கூலன்டும், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் கலந்து ஊற்றுங்கள்.

வெளியே கசிவில்லாமல் தண்ணீர் குறைந்து, இன்ஜின் ஆயிலும் பால் டீ நிறத்துக்கு மாறியிருந்தால், ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அதற்குமேல் ஓட்டக் கூடாது.

கொதிக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்; நீராவி முகத்தில் அடிக்கும். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழலாம்.