ஓரங்குல வீரர்க்கு வண்ணந் தீட்டல்

“மீசை அரும்பிய பிள்ளை பொம்மைக்குச் சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே!” என்று, சென்ற கோடை விடுமுறையில் கோடைக்கானலில் உள்ள எங்கள் இல்லத்திற்கு வந்த உறவினர் ஒருவர் நகைத்தார். அன்று யான் விடை கூறவில்லை. கையில் இருந்த தூரிகையில் ஈரம் உலர்ந்துவிடுமே என்ற கவலை ஒரு காரணம்; கூறத்தக்க விடை அப்போது என்னிடம் இல்லாமை மற்றொரு காரணம். இன்று விடை உண்டு. அதனை இம்மலரின் வாயிலாக நண்பர்கட்குக் கூற விழைகின்றேன்.

மேசைமேல் நிறுத்தி ஆடும் போர் விளையாட்டிற்குரிய வீரர் உருவங்கள் ஏறக்குறைய ஓரங்குல உயரமுடையவை. வண்ணமின்றி வரும் அவற்றிற்கு வண்ணந் தீட்டுதல் விளையாடுவோன் கடன். இவ்வினை சிறுபிள்ளை வேலையன்று என்பதும், ஒருவனுக்கு இன்ன வண்ணம் எனத் துணிதல் அவன் யார் எனத் துணிதலேயாம் என்பதும், ஆதலின் பெட்டியின் மேலுள்ள படத்தைப் பார்த்துப் பூசுதல் போதாது, நூலையும் நிலத்தையும் நோக்கியே பூசுதல் வேண்டும் என்பதும் என் கருத்து.

இவ்விளையாட்டு நமக்கு முற்றும் புதியதன்று. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையைப் பலகைமேல் நிறுத்திய சதுரங்கம் இந்நாட்டிலேயே பிறந்தது. பிரஷியப் படையைச் சார்ந்த ரைஸ்விட்ஸ் என்பார் 1824-ஆம் ஆண்டில் நிலப்படத்தின்மேல் போர் ஆடுதற்குரிய விதிகளை வெளியிட்டார். அவை அந்நாட்டுப் படைத்தலைவர்க்குப் பயிற்சி நூலாயின. ஆங்கிலப் புனைகதையாசிரியராகிய எச். ஜி. வெல்ஸ் 1913-இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் நூலை எழுதி, பொம்மை வீரரைக்கொண்டு வீட்டுத் தரையில் போராடும் முறையை யாவர்க்கும் உரியதாக்கினார். இக்காலத்தில் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரம் இத்தகைய உருவங்களை ஆக்குந் தொழிலுக்குப் பேர்பெற்று விளங்குகின்றது.

என் கைக்கு வந்தவை நண்பர் ஒருவர் கொடுத்த இரண்டு பெட்டிகள். ஒன்றில் பழைய கால ஐரோப்பியத் துப்பாக்கி வீரர் நாற்பதின்மர். மற்றொன்றில் ஈட்டியேந்திய காலாட்கள். இவர்களைக்கொண்டு எந்தப் போரை நிறுத்துவது? வாட்டர்லூப் போரை நிறுத்துவோர் உலகெங்கும் உளர். யான் பழனிமலையின் அடிவாரத்தையே தேர்ந்துகொண்டேன். விருப்பாட்சி என்றால் மலைவாழைப்பழமே நம்மிற் பலர்க்கு நினைவு வரும். அவ்வூர்ப் பாளையக்காரராகிய கோபால நாயக்கர், கணவனை இழந்து வந்த சிவகங்கை அரசி வேலுநாச்சியாருக்கு அடைக்கலம் தந்தவர். பின்னர்த் திண்டுக்கல் பகுதிப் பாளையக்காரரைக் கும்பினியாருக்கு எதிராக ஒன்றுகூட்டினார். 1800-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கோயம்புத்தூர்ப் படைவீட்டைத் தாக்க எழுந்த முயற்சி அக்கூட்டினரின் செயல். அது முறியவே, 1801-இல் அவர் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார். எங்கள் மலையின் காலடியில் நிகழ்ந்த போரை எங்கள் மேசைமேல் நிறுத்துதல் தகும் என்று கருதினேன்.

முதற்கண் துப்பாக்கி வீரரை எடுத்தேன். பெட்டிப் படத்தில் உள்ளவாறே செஞ்சட்டை, வெள்ளைக் காற்சட்டை, இளஞ்சிவப்பு முகம். இரண்டு வாரத்தில் நாற்பதின்மரும் முடிந்தனர். சாளரத்தின் அருகே அணிவகுத்து நிறுத்தி, அவர்கள் அழகை யானே வியந்துகொண்டிருந்தேன்.

என் பாட்டனார் சென்னைப் பட்டாளத்தில் பணிபுரிந்து ஓய்வுபெற்றவர். மாலைச் செபம் முடிந்து வந்தவர், ஒரு வீரனை எடுத்து விளக்கொளியில் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, இவர்கள் எல்லாரும் சீமையிலிருந்து வந்தவர்களோ?”

“ஆம் தாத்தா, கும்பினிப் படை.”

“நான் இருந்த பட்டாளமும் அந்தக் கும்பினிப் படையின் வழிவந்ததுதான். அதில் நின்றவர்கள் யார் என்று படித்துப் பார்த்தாயா?”

அவர் வேறொன்றும் கூறவில்லை; வீரனை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். யான் நாணினேன். கும்பினியாரின் சென்னைப் படையில் ஐரோப்பியர் ஒரு பகுதியினரே. பெரும்பகுதியினர் இந்நாட்டுச் சிப்பாய்கள். தமிழரும் தெலுங்கரும் முகம்மதியரும் அச்செஞ்சட்டைக்குள் இருந்தனர். இதனை யான் பாடநூலிற் படித்திருந்தேன். படித்தது என் தூரிகையின் நுனிவரை வந்து சேரவில்லை. ஒரு வண்ணக் குப்பியை அறியாமல் எடுத்து, ஓர் உண்மையை நாற்பது முறை அழித்திருந்தேன்.

மறுநாள் பதின்மரை மட்டும் ஐரோப்பியராக நிறுத்திக்கொண்டு, முப்பதின்மரைத் திருத்தத் தொடங்கினேன். தொப்பிகளைக் கத்தியால் சீவி, பிசினில் தோய்த்த மெல்லிய தாளால் தலைப்பாகை சுற்றினேன். அக்காலச் சிப்பாய் அணிந்தது குறுஞ்சல்லடம்; காலில் செருப்பு. ஆகவே வெள்ளைக் காற்சட்டையின் கீழ்ப்பாதிக்கு மேனியின் நிறத்தைப் பூசினேன்; பூசிய அளவில் நெடிய காற்சட்டை குறுஞ்சல்லடமாயிற்று. சட்டையின் சிவப்பையும் மாற்ற நேர்ந்தது. படைவீரர் சட்டைக்கு மஞ்சிட்டி இனத்து வேரின் சாயமும், தலைவர் சட்டைக்குக் கொச்சினீல் என்னும் பூச்சியிலிருந்து எடுத்த ஒளிமிக்க சாயமும் தோய்ப்பது ஆங்கிலேயர் வழக்கு. ஆதலின் வரிசையில் நின்றவனுக்குச் செங்கல்லை ஒத்த மங்கற் சிவப்பு. தலைவனுக்கு மட்டுமே பளிச்சென்ற சிவப்பு.

நெற்றியில் குறியிடலாமோ என்பது அடுத்த ஐயம். 1805-ஆம் ஆண்டு நவம்பரில் சென்னைப் படைக்குப் பிறந்த ஆணை, அணிவகுப்பில் நெற்றிக் குறியையும் காதணியையும் விலக்கியது. தாடியை மழிக்கச் சொல்லிற்று. புதுவகைத் தலையணியையும் புகுத்திற்று. அதன் விளைவே 1806 ஜூலை 10-ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் மூண்ட கிளர்ச்சி. என் வீரர்களோ 1801-ஆம் ஆண்டினர். எனவே மயிரிழைத் தூரிகையால் சிலர் நெற்றியில் நீறும், சிலர் நெற்றியில் நாமமும் இட்டேன்; சிலர்க்கு ஒன்றும் இடவில்லை. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நிற்கும் அவ்வெள்ளைக் கோட்டின் பொருட்டே ஐந்தாண்டுகட்குப் பின் ஒரு கோட்டை குருதியில் நனைந்தது என்று நினைந்தபோது என் கை சற்று நடுங்கிற்று.

பின்னர்ப் பாளையக்காரர் படை. இவர்கட்குச் சீருடை இல்லை. ஆகவே நம் நாட்டுச் சாயங்களையே துணையாகக் கொண்டேன்: வெளுக்காத பருத்தியின் பழுப்பு, அவுரியின் நீலம், சாயவேரின் சிவப்பு, மஞ்சள், காவி. இவ்வைந்தையும் மூவகையாக மாற்றிப் பார்த்தேன். அனைவர்க்கும் காவி பூசியபோது படையன்று, துறவியர் கூட்டமாகத் தோன்றிற்று. ஒவ்வொருவர்க்கும் ஒவ்வொரு வண்ணம் பூசியபோது திருவிழாக் கடைவீதியாயிற்று. மூன்றாம் முறை வேட்டி அனைத்தும் பழுப்பு, தலைப்பாகை மட்டும் பலநிறம் எனக் கொண்டேன். அப்பொழுதுதான் வயலினின்று எழுந்துவந்த மக்களைக் கண்டேன். பல செடிகளிலிருந்து ஒரு பண்ணையைக் காட்டும் உழவனைப்போல, பல நிறங்களிலிருந்து ஒரு படையைக் காட்டுதல் வண்ணந் தீட்டுவோன் திறமாம். இரண்டு முறை தவறியபின் வந்த திறம் இது. பெட்டிப் படத்தையே பார்த்துப் பூசுவோனுக்குத் தவறும் இல்லை, தேர்ச்சியும் இல்லை.

இனி, நிலம் கற்பிக்கும் பாடம் ஒன்று உண்டு. கோக்கர்ஸ் நடைபாதையில் நின்று கிழக்கே நோக்குக. அண்மையிலுள்ள மரம் கரும்பச்சை. அடுத்த முகடு நீலம். அதற்கப்பால் உள்ள முகடு சாம்பல். கடைசி முகடு வானோடு கலந்த வெண்மை. தொலைவு ஒவ்வொரு நிறத்திலும் சிறிது வெண்மையைக் கலந்துவிடுகின்றது. ஓரங்குல வீரன் மெய்யான மனிதனில் ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்கினன். அவனை இரண்டடி தொலைவில் வைத்துப் பார்ப்பது, மெய்ம்மனிதனை நூற்றிருபது அடி தொலைவில் பார்ப்பதற்கு ஒப்பாகும். ஆகையால் மெய்யாடையின் நிறத்தையே அவன்மீது பூசினால் அது கறுத்துத் தோன்றும். சிறிது வெண்மை கலந்தாலே கண்ணுக்குப் பொருந்தும். இவ்விதியை எனக்குக் கற்பித்தது எங்கள் மலை. 2018-இல் குறிஞ்சி பூத்தபோது பள்ளிச் சிறுவனாய் நின்று பார்த்தேன். கைக்கெட்டிய பூ ஊதா, எதிர்ச்சரிவிலிருந்த பூக்காடு வெளிறிய நீலம். அன்று அது வியப்பாக மட்டும் இருந்தது. 2030-இல் அது மீண்டும் பூக்கும்போது தூரிகையோடு செல்வேன்.

செலவு மிகுமே என்பர் சிலர். மிகாது. எழுதுபொருட் கடையில் கிடைக்கும் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, கறுப்பு ஆகிய ஐந்து அக்ரிலிக் குழாய்கள் போதும். நீர் கலந்து இருமுறை மெல்லப் பூசுக. ஒருமுறை தடித்துப் பூசினால் கண்ணும் மூக்கும் புதையுண்டுபோம். சிவப்பும் மஞ்சளும் சிறிது நீலமும் சேர்ந்தால் நம் மேனியின் பழுப்பு பிறக்கும். அதனை ஆழமாக்கக் கறுப்பைக் கலவாதீர், முகம் களையிழந்துவிடும். நீலத்தையே இன்னும் ஒரு துளி கூட்டுக.

தமிழ் பயில்வோர்க்கு இவ்வினையில் தனியுரிமையும் உண்டு. போரை நிறத்தோடு இயைத்துக் கண்டவர் நம் முன்னோர். ஆநிரை கவரச் சென்றவன் சூடியது சிவந்த வெட்சி; மீட்கச் சென்றவன் சூடியது செந்நீலக் கரந்தை. சேரர்க்குப் பனை, சோழர்க்கு ஆத்தி, பாண்டியர்க்கு வேம்பு எனப் பூவே படையை அறிவித்தது. எனினும் இரு வேந்தரும் களங்குறித்து நேர்நின்று பொரும் பெரும்போரில் இருதிறத்தாரும் சூடியது ஒரே பூ, வெண்மையான தும்பை. இதனைப் பாடமாகப் பலமுறை ஒப்பித்திருக்கின்றேன். விருப்பாட்சி வீரனுக்கும் கும்பினிச் சிப்பாய்க்கும் ஒரே கிண்ணத்திலிருந்து மேனிவண்ணம் எடுத்துப் பூசிய இரவில்தான் அதன் பொருள் எனக்கு விளங்கிற்று. சட்டையின் நிறம் வேறு; மேனியின் நிறம் ஒன்று.

கிறிஸ்தவ மாணவன் போரை விளையாட்டாக்கலாமா என்று வினவுவோர்க்கு ஒன்று கூறி முடிக்கின்றேன். இக்கேள்வி வீண் கேள்வியன்று. என்னை நானே கேட்டுக்கொண்டதுமாம். வெல்ஸும் தம் நூலின் முடிவில், மெய்ப்போரைவிடச் சிறுபோரே மேல் என்று காட்டி அமைந்தார். மறு ஆண்டே உலகப் பெரும்போர் மூண்டது. ஆகவே பொம்மைப்போர் மெய்ப்போரைத் தடுத்துவிடும் என்று யான் சொல்லேன். ஆயினும் படைத்தலைவன் ஆயிரவர் என எண்ணுமிடத்து, வண்ணந் தீட்டுவோன் ஒருவன், ஒருவன், ஒருவன் என்றே எண்ணுதல் வேண்டும். ஒவ்வொருவனுக்கும் இரு கண் வைத்தாக வேண்டும். கும்பினிப் படையதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் என்பார், தமக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுத்தந்தவர் சின்ன மருது என்று 1830-இல் வெளிவந்த தம் நூலில் குறித்துள்ளார். அச்சின்ன மருதுவை எதிர்த்தே அவர் பின்னர்ப் போர்புரிய நேர்ந்தது. எதிரியின் முகத்தை அறிந்தவர்க்குப் போர் எளிதன்று.

அன்று நகைத்த உறவினர்க்கு என் விடை இதுவே: யான் பொம்மைக்குச் சாயம் பூசவில்லை ஐயா, முகங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். சிப்பாய்கள் முப்பதின்மரும் முடிந்தபின் பாட்டனார் மீண்டும் ஒருவனை எடுத்துப் பார்த்தார். “இவன் நம் ஊர்க்காரன் சாயலாக இருக்கிறான்” என்றார். பின்னர் அவனைக் கும்பினி வரிசையில் வைக்காமலும், விருப்பாட்சி வரிசையில் வைக்காமலும், இரண்டிற்கும் நடுவே நிறுத்திவிட்டுச் சென்றார். அவன் இன்றும் அங்கேயே நிற்கின்றான்.