வேலை தேடவும் கையிருப்பு வேணும்!

கையில் சேமிப்பு இருந்தால், வேலை போனவர் அடுத்த வேலையை மெத்தனமாகத்தான் தேடுவார் என்று சிலர் சொல்கிறார்கள். இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எங்கள் தேனி மாவட்டத்துப் பெண்கள் பலர் ஜீப்பில் ஏறி, கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போய் வருகிறவர்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து எல்லையை அடைத்ததும் அந்தப் பிழைப்பு நின்று போனது. இப்படிப்பட்ட நேரத்தில், நாலு காசு வைத்திருப்பவள்தான் 'கூலி எவ்வளவு, எத்தனை மணி நேரம்?' என்று கேட்டு அடுத்த வேலைக்குப் போக முடியும். இல்லாதவள் கிடைத்த கூலிக்குத் தலையாட்டணும். முன்பணம் வாங்கிவிட்டாலோ, பிடிக்காத இடத்திலேயே கிடக்கணும்.

2006-ல் தமிழக அரசு கொண்டுவந்த உதவித்தொகைகூட, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 வருடம் காத்திருந்தவர்களுக்குத்தான்.

ஆகவே தோழிகளே, சம்பளம் வரும்போதே மூன்று மாதச் செலவுக்காவது சேர்த்து வையுங்கள். தபால் ஆபீஸில் மாதம் 100 ரூபாய்க்கே ஆர்.டி. போடலாம். ஒரு வருடம் தவறாமல் கட்டினால், கட்டியதில் பாதி வரை கடனும் கிடைக்கும். வேலை போனால், 'இத்தனை நாளைக்குள்' என்று வீட்டில் பேசிக் கெடு வையுங்கள். சும்மா உட்கார்ந்து சாப்பிட இல்லை. உழைப்பை அடிமாட்டு விலைக்கு விற்காமல் இருக்கத்தான் சேமிப்பு!

- ஒரு இல்லத்தரசி, பெரியகுளம்.