வட்டலப்பச் சட்டி

போன நோன்புப் பெருநாளன்று கஹவத்தைக் கடை நானா வீட்டிலிருந்து வட்டலப்பம் வந்தது. சில்வர் சட்டி, மேலே ஒரு தட்டு, அதற்கு மேல் மடித்துப் போட்ட துணி. தரம் 7 படிக்கிற என் மகள்தான் வாங்கி மேசையில் வைத்தாள். கிண்ணமும் கரண்டியும் தேடப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து கேட்கிறாள்: "அம்மா, இதைச் சாப்பிடலாமா? உள்ளுக்கு ஏதாச்சும் போட்டுக் குடுப்பாங்களாமே?"

யார் சொன்னது என்று அதட்டினேன். வேனில் வருகிற பிள்ளை ஏதாவது சொல்லியிருக்கும் என்றுதான் நினைப்பு. "நீங்கதானே அன்னைக்குச் சித்திகிட்ட போன்ல சொன்னீங்க" என்றாள்.

ஆகவே என்னைத் திட்டிக்கொண்டுதான் தொடங்குகிறேன். அதற்காக, தாய்மாரே, உங்களை விட்டுவிடுவேன் என்று நினைக்க வேண்டாம். சித்தியிடம் நான் சொன்ன கதையை எனக்கு அனுப்பியதே நம் கோயில் வட்ஸ்அப் குழுவில் இருக்கிற ஒரு தாய்தான்.

அந்தக் கதைக்கு வயது அதிகம். 2018 பெப்ரவரியில், அம்பாறையில் முஸ்லிம் கடையொன்றில் கொத்துக்குள் மலட்டு மாத்திரை போடுகிறார்கள் என்று கிளப்பிவிட்டுக் கடையையும் பள்ளிவாசலையும் உடைத்தார்கள். அரச பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்தார். வெறும் மாவுக்கட்டி. சாப்பாட்டில் கலந்து கொடுத்து மலடாக்குகிற மாத்திரை என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. மாவுக்கட்டி என்ற செய்தி நம் குசினி வரைக்கும் வந்து சேரவில்லை. மாத்திரை மட்டும் வந்து, இத்தனை வருடமாக அடுப்பங்கரையில் குந்தியிருக்கிறது.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளை நான் சின்னதாக்க வரவில்லை. கொழும்பில் கடைக்கும் வீட்டு வேலைக்கும் போன நம் தோட்டத்துப் பிள்ளைகள் செவ்வாய்க்கிழமை மெழுகுதிரி கொளுத்துகிற இடம் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். இந்துக்களும் முஸ்லிம்களும்கூட நேர்ச்சை வைத்துப் போகிற கோயில் அது. அங்கே குண்டு வெடித்தது. நீர்கொழும்புக் கட்டுவப்பிட்டியிலும் பூசையின் நடுவில் வெடித்தது. மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடித்து வந்த பிள்ளைகள் செத்தார்கள். ஹோட்டல்களையும் சேர்த்து ஏறத்தாழ 270 உயிர். அன்றைக்கு ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதவர்களில் நானும் ஒருத்தி.

அதற்கு அடுத்த கிழமை நாம் செய்ததைத்தான் கேட்கிறேன். அதற்கு நாலு மாதம் முந்தி, 2018 டிசம்பரில், 1000 ரூபாய் நாட்சம்பளம் கேட்டுத் தோட்டங்கள் வேலை நிறுத்தம் செய்தன. பெரட்டுக்குப் போகாத வீட்டில் அரிசி ஏது? கடை நானா கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு அரிசி, மா, பருப்பு, சீனி என்று எழுதி எழுதிக் கொடுத்தார். என் பெயருக்கு ஒரு பக்கம் நிறைந்து மறுபக்கமும் ஓடியது. ஏப்ரல் முடிய அதே கடையைத் தாண்டி, தலையைக் குனிந்துகொண்டு, டவுனில் வேறு கடைக்குப் போனோம். பாக்கிக் கடனைக் கட்டாமல் போனவர்களும் நம்மில் இருக்கிறார்கள். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாமும் அதை நல்ல காலம் என்று எடுத்துக்கொண்டோம்!

இதைச் செய்ய நமக்கு எப்படி மனம் வந்தது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. 1981 ஆகஸ்டில் இந்த இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களில் லயங்களுக்குள் புகுந்து அடித்தது யாரோ செய்த குற்றத்துக்காகத்தானே? கொழுந்துக் கூடையைத் தவிர எதையும் தூக்காத நம் அம்மாயிகளும் தாத்தாக்களும் தேயிலைக்குள் ஒளிந்து கிடந்தார்கள். 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழரைப் பொலிஸார் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியபோது அடையாள அட்டையில் பெயரைத்தான் பார்த்தார்கள், ஆளைப் பார்க்கவில்லை. "தமிழன் என்றால் புலியா?" என்று நாற்பது வருடம் கேட்ட வாய்தானே இது?

அந்தக் குண்டுக் கூட்டத்தின் தலைவன் சஹ்ரான் ஹாசிமைப் பற்றி முதலில் எச்சரித்தவர்களே முஸ்லிம்கள்தான். காத்தான்குடியில் அவனோடு மோதியவர்கள் முஸ்லிம்கள். நம் சப்ரகமுவ மாகாணத்து மாவனெல்லையில் 2018 டிசம்பரில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டபோது, செய்தவர்களைத் தேடப் பொலிஸுக்கு உதவிய முஸ்லிம் ஒருவரை 2019 மார்ச்சில் தலையில் சுட்டார்கள். உயிர் பிழைத்தார், ஆனால் படுக்கையாகிவிட்டார். எந்த ஞாயிறாவது நம் மன்றாட்டில் அவருக்காக ஒரு வரி சொன்னோமா? முன்கூட்டியே கிடைத்த உளவுத் தகவலை அலட்சியம் செய்ததற்காக 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவுக்கு 10 கோடி ரூபாய் நட்டஈடு விதித்தது. தீர்ப்பு அரசாங்கத்துப் பெரிய ஆட்களைச் சொல்கிறது, நாம் கஹவத்தையில் கடை நானாவைத் தண்டித்துக்கொண்டிருக்கிறோம்.

கொவிட் காலத்தையும் மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. 2020 ஏப்ரலிலிருந்து 2021 பெப்ரவரி வரை கொவிட்டில் செத்தால் எரிப்புத்தான். பிறந்து 20 நாளான முஸ்லிம் குழந்தை ஒன்றையும் எரித்தார்கள். 2024இல்தான் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. நாமும் புதைக்கிறவர்கள். நவம்பர் 2ஆம் திகதி புல்லுச் செதுக்கிப் பூ வைக்க ஒரு மேடு வேண்டும் என்கிறவர்கள். அந்தச் சட்டம் நம் பிணத்துக்கும் சேர்த்துத்தான் இருந்தது.

பிள்ளைகளுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? சமய பாடத்துக்கு மணி அடித்ததும் ஆளுக்கொரு வகுப்பாகப் பிரிந்து போகிறார்கள். நம் மாதாவின் பெயரில், மர்யம் என்று, குர்ஆனில் 19ஆம் அத்தியாயம் இருக்கிறது என்று என் மகளுக்குச் சொன்னபோது அவள் நம்பவில்லை. எனக்கே நாற்பது வயதில்தான் தெரிந்தது. முஸ்லிம் பெற்றோரும் பிள்ளைகளிடம், கிறிஸ்மஸ் வாழ்த்து சொன்னாலே பாவம் என்கிற பேச்சைக் கொஞ்சம் நிறுத்தலாம். அந்தக் கணக்கை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

நம் கணக்கு இது. அடுத்த ஏப்ரல் 21 மெழுகுதிரி ஏற்றும்போது பிள்ளை கேட்கும், யார் செய்தது என்று. "முஸ்லிம்கள்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகாதீர்கள். சஹ்ரான், அவனோடு சேர்ந்த கூட்டம், கண்டும் காணாமல் இருந்த அதிகாரிகள் என்று சொல்ல அரை நிமிடம் கூடச் செலவாகாது. வட்ஸ்அப்பில் அடுத்த மாத்திரைக் கதை வந்தால் அனுப்பியவரிடம், பிள்ளைகள் காதில் விழுகிற மாதிரி, இது பொய் என்று சொல்லுங்கள். அனுப்பியவர் உங்கள் மாமியாராக இருந்தாலும்.

அந்தச் சட்டி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. வெறும் சட்டியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது, எந்த முகத்தோடு கொண்டுபோவது என்றும் தெரியவில்லை. மாதக்கணக்காகத் தள்ளிப் போட்டேன். நேற்று கிறிஸ்மஸ் கேக்குக்குக் கஜு வெட்டிக்கொண்டிருந்தோம். பிளம்ஸ் ஊறப்போட பிராந்திப் போத்தலை எடுத்தேன். மகள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "அம்மா, நானா வீட்டுக்குக் குடுக்கிறதை வேறயா ஊறப்போடுவோமா?"