'உனக்குத் திருப்தியா?' - அவங்ககிட்ட கேட்டிருக்கோமா?

கீழவைப்பார் மாதிரியான கடலோர ஊர்களில், மனநோய்க்கு மாத்திரை சாப்பிடும் ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தால், கேள்விகள் எல்லாம் அவருடைய அம்மாவிடம்தான் போகும். "இப்ப எப்படி இருக்கான்? சண்டை போடுறதில்லையே? கடலுக்குப் போறானா?" பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவரிடம் யாரும் கேட்பதில்லை.

இதே மன்னார் வளைகுடாக் கரையில்தான் ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று, அங்கிருந்த காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் உயிரிழந்தார்கள். 'இங்கே இருக்க உனக்குச் சம்மதமா?' என்று அவர்களை யார் கேட்டிருப்பார்கள்?

இன்று சட்டம் மாறியிருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்ற காரணத்துக்காக ஒருவரை மனநலக் காப்பகத்திலேயே வைத்திருக்கக் கூடாது. சமூகத்தில் வாழ்வது அவருடைய உரிமை என்கிறது.

அது நடக்கிற காரியமா? நடக்கிறது. 1993-ல் சென்னையில் தொடங்கிய 'தி பேன்யன்' அமைப்பு, 2015 முதல் 'ஹோம் அகெய்ன்' திட்டத்தை நடத்துகிறது. நீண்டகாலம் காப்பகத்தில் இருந்தவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் வாழ்கிறார்கள். உதவிக்குப் பணியாளர் உண்டு. சமையல், கடைக்குப் போவது, வேலை என எல்லாம் அவர்கள் பொறுப்பும்தான். 2021-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, நல்ல முன்மாதிரிகளில் ஒன்றாக இதையும் சேர்த்தது.

ஆனால், எந்தத் திட்டமானாலும் "திருப்தியா?" என்று மொட்டையாகக் கேட்டால், "நல்லாயிருக்கு" என்றுதான் பதில் வரும். சோறு போடுபவரே கேட்டால் வேறென்ன சொல்ல முடியும்? அதனால் சின்னச் சின்னதாகக் கேட்க வேண்டும். இன்னிக்கு என்ன குழம்புன்னு முடிவு செஞ்சது யாரு? வீட்டுச் சாவி யார்கிட்ட இருக்கு? நீ சம்பாதிச்ச காசு யார் கையில? கோயில் திருவிழாவுக்கு உன்னைக் கூப்பிட்டாங்களா? இந்த மாத்திரை உனக்கு ஒத்துக்குதா?

கேட்டால் மட்டும் போதாது. "பிடிக்கலை" என்று சொன்னாலும் நாளைக்கு அதே சோறு, அதே மரியாதை கிடைக்கும் என்ற நம்பிக்கை அவருக்கு வர வேண்டும். அப்போதுதான் உண்மையான பதில் வரும்.

உங்கள் வீட்டில், தெருவில் அப்படி ஒருவர் இருக்கிறாரா? இன்று அவருடைய அம்மாவிடம் கேட்காமல், அவரிடமே பேசிப் பாருங்களேன்.

(மனநல ஆலோசனைக்கு அரசின் 'டெலி மானஸ்' இலவச எண்: 14416. 24 மணி நேரமும் அழைக்கலாம்.)