தேதிக்கு முன்பே பிரியும் தாயும் பிள்ளையும்

சென்னை அண்ணா சாலையில், ஜெமினி மேம்பாலத்தை ஒட்டியே அமெரிக்கத் துணைத் தூதரகம் இருக்கிறது. ஆனால், அந்நாட்டில் நிரந்தரமாகக் குடியேற விசா கேட்பவருக்கு நேர்காணல் அங்கே நடப்பதில்லை. மும்பைக்குத்தான் போக வேண்டும். தருமபுரி மாவட்டத்தின் நல்லம்பள்ளியிலிருந்து கிளம்பும் குடும்பம், சேலம்-பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்து பெங்களூரு போய் விமானம் ஏற வேண்டும். தாய்க்கு ஒரு மாதத்திலும் பிள்ளைக்கு வேறொரு மாதத்திலும் அழைப்பு வந்தால் செலவும் அலைச்சலும் இரட்டிப்பு. “ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல தேதி வாங்கித் தர முடியுமா?” என்று இத்தகைய குடும்பங்கள் கேட்பது இயல்பு. “பார்த்துக்கலாம்” என்று ஏஜென்ட் சொல்வதும் இயல்பு.

உண்மையில், அந்தக் கட்டத்தில் பார்த்துக்கொள்ள அதிகம் இல்லை. தாயும் பிள்ளையும் பிரிவது பெரும்பாலும் மனு போட்ட அன்றே முடிவாகிவிடுகிறது.

கணவர் கிரீன் கார்டுடன் அமெரிக்காவில் இருக்கிறார். மனைவியும் பள்ளிக்கூடம் போகும் மகனும் ஊரில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மனைவி பெயரில், உறவினரை அழைப்பதற்கான ஐ-130 மனு ஒன்று போட்டால் போதும். மகன் அதிலேயே சேர்ந்துகொள்வான். எஃப்2ஏ எனப்படும் இந்தப் பிரிவுக்கு ஆண்டு ஒதுக்கீடு உண்டு என்பதால் வரிசையில் காத்திருக்க வேண்டும். ஆனால், முறை வரும்போது இருவரையும் ஒன்றாகவே அழைப்பார்கள்.

இதற்கிடையே கணவர் அமெரிக்கக் குடிமகன் ஆகிறார். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. மனைவியின் மனு அன்றே ‘உடனடி உறவினர்’ பிரிவுக்கு மாறுகிறது. ஒதுக்கீடும் இல்லை, வரிசையும் இல்லை. ஆனால், உடனடி உறவினர் மனுவில் இன்னொருவர் சேர்ந்துகொள்ள அமெரிக்கச் சட்டம் இடம் தருவதில்லை. தாயின் நிழலில் வந்துகொண்டிருந்த மகன் வெளியே நிற்கிறான். அவனுக்குத் தனி மனு போட்டு, பரிசீலனை முடியும்வரை காத்திருக்க வேண்டும். தந்தையின் தகுதி உயர்ந்ததே பிள்ளை பின்தங்கக் காரணமாகிறது. இதைவிட விசித்திரமான பரிசு வேறு இருக்க முடியுமா?

தீர்வு எளிது, ஆனால் முன்கூட்டியே செய்ய வேண்டியது. பிள்ளைக்கும் முதல் நாளே தனி மனு போட்டுவிட வேண்டும். 2024 ஏப்ரலில் உயர்ந்த கட்டணப்படி, தாளில் விண்ணப்பித்தால் மனு ஒன்றுக்கு 675 டாலர். வீண் செலவுபோலத் தோன்றும். ஆனால், தந்தை குடியுரிமை பெறும் நாளில் தாயின் மனுவும் பிள்ளையின் மனுவும் சேர்ந்தே மாறும். பிள்ளைக்கு 21 வயது ஆகாதிருந்தால், 2002-இல் வந்த குழந்தை நிலைப் பாதுகாப்புச் சட்டப்படி அவன் வயதும் அந்த நாளோடு நின்றுவிடும்.

இதற்கும் வழியில்லாத நிலை ஒன்று உண்டு. அமெரிக்கக் குடிமகனான மூத்த மகன், கணவரை இழந்த தாயை அழைக்கிறார். ஊரில் பத்தாம் வகுப்பு படிக்கும் தங்கையைத் தாயோடு சேர்க்க முடியாது. அண்ணன் தங்கைக்குப் போடும் மனு எஃப்4 பிரிவைச் சேர்ந்தது. 2025-இலும் இந்தியர்களில் 2006-ஆம் ஆண்டு மனுக்காரர்களைத்தான் அங்கே எட்டியிருந்தார்கள். தாய் முதலில் போய் கிரீன் கார்டு பெற்று, பிறகு மகளுக்கு மனு போடலாம். அதுவரை அந்தப் பெண் யார் வீட்டில் இருப்பாள்? குடும்பத்தை ஒன்றுசேர்ப்பதே நோக்கம் என்று சொல்லி 1965-இல் திருத்தப்பட்ட சட்டம், அறுபது ஆண்டுகளாக இந்த ஓட்டையை அடைக்கவில்லை. அமெரிக்க நாடாளுமன்றம்தான் அடைக்க வேண்டும்.

இருவருக்கும் தனித்தனி மனு இருந்து, இரண்டும் ஏற்கப்பட்டிருந்தால் தேதியைப் பற்றிப் பேசலாம். நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள தேசிய விசா மையத்துக்கு இரண்டு வழக்கு எண்களையும் குறிப்பிட்டு, சேர்த்து அழைக்கக் கோரலாம். இருவரின் கட்டணமும் ஆவணங்களும் முழுமையடைந்திருந்தால்தான் அது சாத்தியம். இழுத்தடிப்பது பெரும்பாலும் தாயின் காகிதங்களே. பிறப்பு-இறப்புப் பதிவுச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1970 ஏப்ரல் 1-க்கு முன் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சான்றையோ உறவினரின் உறுதிமொழிப் பத்திரத்தையோ வைத்துப் பிறப்புச் சான்றுக்கு ஈடுகட்டலாம். பின்னர் பிறந்து, பதிவு செய்யப்படாதவர்களின் பாடுதான் திண்டாட்டம். பாஸ்போர்ட்டில் தாய்க்குக் கணவர் பெயர், பள்ளிச் சான்றில் தகப்பனார் பெயரின் இனிஷியல் என்றிருந்தால் அதற்கும் விளக்கம் தர வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும், காசநோய்ப் பரிசோதனையில் ஒருவருக்குச் சந்தேகம் வந்தால் சளியில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கவே 8 வாரம் ஆகும். நேர்காணலுக்கு ஒன்றாகப் போனவர்கள் விமானத்தில் ஒன்றாக ஏறுவார்கள் என்று சொல்ல முடியாது.

ஆக, ஆலோசனை தேவைப்படுவது மனு போடுவதற்கு முன்பு. அப்போது இந்தக் குடும்பங்களுக்குக் கிடைப்பதோ, பேருந்து டிக்கெட்டோடு விசாவும் பார்த்துத் தரும் கடைக்காரரின் வாய்வார்த்தை. தமிழக அரசுக்கு வெளிநாடுவாழ் தமிழர் நலத்துறை இருக்கிறது. நல வாரியமும் இருக்கிறது. ஜனவரி 12 அயலகத் தமிழர் தினம் என்று விழாவும் எடுக்கப்படுகிறது. வளைகுடாவில் சிக்கியவர்களை மீட்பதில் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை இதற்கும் தரலாம். தருமபுரி ஆட்சியர் அலுவலகத்தில் மாதம் ஒருநாள், குடியேற்றச் சட்டம் தெரிந்த ஒருவரை உட்காரவைத்து, யார் பெயரில் எத்தனை மனு போட வேண்டும் என்பதை மட்டும் சொல்லச் செய்தாலே போதும். கட்டடமோ புதுச் சட்டமோ தேவையில்லை. அமெரிக்காவில் இருக்கும் கணவரும் பேச வசதியாக அதை மாலை ஏழு மணிக்கு மேல் காணொளியோடு நடத்தலாம்.