9900 என்று எழுதிய பெட்டரியும் எரியாத சைக்கிள் லைட்டும்

மஃரிபுக்குப் பிறகு டியூஷன் முடிந்து வரும் நம் பிள்ளைகளின் சைக்கிள்களை ஒருநாள் ரோட்டோரம் நின்று பாருங்கள். லைட் பூட்டியிருக்கும், எரியாது. கேட்டால் "பெட்டரி போயிட்டு சேர்" என்பார்கள். எதிரே மணல் லொறி வரும், பின்னால் பஸ் வரும், நடுவில் நம் பிள்ளை இருட்டோடு இருட்டாக வரும்.

2022இல் பெற்றோல் வரிசையில் களைத்துப்போய் நம்மில் பலர் சைக்கிளுக்கு மாறினோம். சார்ஜ் பண்ணும் லைட்டுகள் பல அந்தக் காலத்தில் வாங்கியவைதான். எல்ஈடிக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே இருக்கும் லித்தியம் பெட்டரிக்குத்தான் வயது போய்விட்டது. அதை மாற்றினால் போதும். ஆனால் நம்பி வாங்க ஒரு பெட்டரி கிடைப்பதுதான் பெரும்பாடு.

முதலில் ஒரு விடயம். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றுக்கு முனைகளில் பச்சை பிடித்து லைட் நின்றுவிடுவதுண்டு. பெட்டரியைக் கழற்றி, முனைகளைச் சுத்தமாகத் துடைத்துப் பாருங்கள். சார்ஜ் வயரையும் மாற்றிப் பாருங்கள். சிலருக்கு அதோடு வேலை முடிந்துவிடும்.

பெட்டரிதான் பிழை என்றால், அதிகமான லைட்டுகளில் இருப்பது 18650 என்ற உருளைப் பெட்டரி. 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம் என்பதே அந்த எண்ணின் பொருள், தரம் அல்ல. ஏமாற்று நடப்பது அதற்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் எம்ஏஎச் எண்ணில். 9900 என்றும் 12000 என்றும் அச்சடித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பானசோனிக், சாம்சங், எல்ஜி போன்ற கம்பனிகளின் 18650 பெட்டரிகளே பொதுவாக 2000 முதல் 3500 வரைதான். அந்தச் சின்ன உருளைக்குள் 9900 எப்படி அடங்கும்? எண் கூடக்கூட நல்லது என்று நினைத்து நாம் கேட்பதால்தான் அச்சடிக்கிறவனும் கூட்டி அடிக்கிறான். 2600 என்று உண்மையைச் சொல்லும் பெட்டரி மூலையில் கிடக்கிறது.

பிடிக்க ஒரு வழி தராசு. நல்ல 18650 சுமார் 45 கிராம் இருக்கும். 30 கிராம் அளவில் நின்றால் யோசிக்காமல் திருப்பிக் கொடுங்கள். நம் ஊரில் நகைக் கடைக்கா பஞ்சம்? கேட்டால் நிறுத்துத் தருவார்கள். ஆனால் பாரம் சரியாக இருந்தால் மட்டும் நல்லது என்று முடிவெடுக்கவும் முடியாது. பழைய லெப்டொப் பெட்டரியைப் பிரித்து, புது உறை போட்டு விற்பதும் நடக்கிறது. அதைப் 'பழசு' என்று சொல்லி, சோதித்து, குறைந்த விலைக்குக் கொடுத்தால் நமக்கு ஆட்சேபனை இல்லை. புதிது என்று விற்பதுதான் அநியாயம். கடையில் மல்டிமீற்றர் இருந்தால் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 2.5 வோல்ட்டுக்குக் கீழே காட்டுவதைத் தொடவேண்டாம்.

பாதுகாப்புச் சுற்று உள்ள பெட்டரி சில மில்லிமீற்றர் நீளமாக இருக்கும், சில லைட்டுகளுக்குள் போகாது. ஆகவே லைட்டையும் கையோடு கொண்டுபோங்கள். சின்ன லைட்டுகளில் இருக்கும் தட்டைப் பெட்டரியில் 503450 போல ஒரு எண் இருக்கும். 5 மி.மீ. தடிப்பு, 34 அகலம், 50 நீளம் என்று அர்த்தம். அதே எண்ணைக் கேளுங்கள். ஊதிப்போயிருந்தால் குத்தவோ அமுக்கவோ வேண்டாம். சுவாலை அடிக்கும்.

வாங்கியதும் முழுதாகச் சார்ஜ் ஏற்றி, கண்முன்னே வைத்து எரியவிட்டு நேரம் பாருங்கள். நான்கு மணித்தியாலம் எரியவேண்டிய லைட் ஒரு மணித்தியாலத்தில் மங்கினால், பில்லோடு கடைக்குப் போங்கள். பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். கடைக்காரர் மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைக்கலாம். பாவனையாளரை ஏமாற்றும் வியாபாரத்தை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது.

கடை வைத்திருக்கும் சகோதரர்களிடமும் ஒன்று கேட்கிறோம். அடுத்த முறை கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போகும்போது அந்த 9900ஐ விட்டுவிட்டு, பெட்டரி மாற்றக்கூடிய லைட்டுகளையும் உண்மையான எண் போட்ட பெட்டரிகளையும் கொண்டுவாருங்கள். விலை கொஞ்சம் கூடினாலும் வாங்குவோம்.